பி.ஏ. வரலாறு படிப்பது எப்படி: கொங்கு நாட்டு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பி.ஏ. வரலாற்றில் புதிதாகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் செமஸ்டரிலேயே ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும் அவர்கள், அந்த ஆண்டு எந்தச் சான்றிலிருந்து கிடைத்தது என்ற கேள்வியை, மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு பல ஆண்டுகளாக எனக்குப் பின்னால் வந்த மாணவர்களுடன் சேர்ந்து படித்தபோது, வேலைகளின் வரிசையை மாற்றினாலே பாதிச் சிரமம் குறைந்துவிடுவதைக் கண்டேன். கீழே இருப்பது அந்த மாற்றிய வரிசை.

1. சேருவதற்கு முன்: பாடத்திட்டத்தை வாசியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. கரூர் மாவட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இவற்றுள் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தமக்கென்று தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கும். ஆகவே "பி.ஏ. வரலாறு" என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இரண்டு கல்லூரிகளில் படிக்கப்போவது ஒன்றாக இருக்காது.

விண்ணப்பிக்கும் முன் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி, மூன்று தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: வரலாற்று வரைவியல் (வரலாறு எழுதப்படும் முறையைப் பற்றிய தாள்), கல்வெட்டியல் அல்லது தொல்லியல், இறுதியாண்டு ஆய்வேடு. மூன்றும் இருந்தால் நன்று. இல்லாவிட்டால் அவற்றை நீங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்ற கேள்விக்கு என் கருத்து இது: எந்த வழியில் சேர்ந்தாலும் மற்ற மொழியை விட்டுவிட முடியாது. கோவை மாவட்டத்தைப் பற்றி நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட மாவட்டக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பேரூர்க் கோயில் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. தமிழ்வழி மாணவர் முதல் நாளிலிருந்தே தினமும் இரண்டு பக்கம் ஆங்கில வரலாற்று நூல் வாசிக்கும் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். ஆங்கிலவழி மாணவர் அதே அளவு நேரத்தைப் பழந்தமிழ் உரைநடைக்குக் கொடுக்க வேண்டும்.

வேலையைப் பற்றி வீட்டில் கேட்பார்கள், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பி.எட். படித்துத் தகுதித் தேர்வும் எழுதினால் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகலாம். எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் இருக்கின்றன, முதுகலைக்குப் பிறகு தொல்லியல் துறையின் பக்கம் போகலாம். எந்த வழிக்கும் கீழே சொல்லும் பயிற்சி உதவும்.

2. முதல் மாதம்: எல்லைகள் மாறிய வரலாற்றை வரைபடத்தில் குறியுங்கள்

பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு பெரிய தாளில் காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆகிய நான்கு ஆறுகளையும் வரைந்து, பாலக்காட்டுக் கணவாயைக் குறித்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டின் வணிக வழி, படை வழி, பாசனம் ஆகியவை பற்றிய வினாக்களில் பெரும்பாலானவை இந்த ஐந்தையும் சுற்றியே வரும்.

அடுத்து, மாவட்ட எல்லைகள் மாறிய ஆண்டுகளை அதே தாளில் எழுதுங்கள். கரூர் வட்டம் 1910இல் திருச்சி மாவட்டத்துக்குப் போகும்வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்து, பின் மைசூருக்குப் போனது. தருமபுரி 1965இலும், ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரிலும், நாமக்கல் 1997இலும், கிருஷ்ணகிரி 2004இலும், திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்களாயின.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணம் தேடுகிறவர்கள் நாள்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள். 1900ஆம் ஆண்டுக் கரூரைப் பற்றிய செய்தியை நான் திருச்சி மாவட்டத் தொகுதிகளில் ஒரு வாரம் தேடியிருக்கிறேன். அது கோவைத் தொகுதியில் இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் "ஈரோடு மாவட்டம்" என்று தேடுவதும் இதே தவறுதான்.

3. இரண்டாம் மாதம்: காலக் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் கல்வெட்டு, செப்பேடு, ஓலை, வருவாய்க் கணக்கு ஆகியவற்றில் பெரும்பாலும் ஆங்கில ஆண்டு இருக்காது. ஒரு வாரப் பயிற்சியில் கற்கக்கூடிய இதை விட்டுவிட்டால், மூன்று ஆண்டும் பிறர் மாற்றிக் கொடுத்த ஆண்டுகளையே நம்பியிருக்க நேரிடும்.

சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும், தையிலும் மாசியிலும் நடந்த நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் 79ஐக் கூட்ட வேண்டும். கலியாண்டிலிருந்து 3101ஐக் கழிக்க வேண்டும். வருவாய்த் துறைக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குவதால், ஜூலை முதல் டிசம்பர் வரை 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கூட்ட வேண்டும். பசலி 1310 என்று அடங்கலில் (கிராமத்தின் பயிர்க் கணக்கு ஏட்டில்) இருந்தால் அது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரையான காலம்.

அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் தமிழ் ஆண்டுப் பெயர் தனியாக இருந்தால் போதாது. "பிரபவ" என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றுக்கும் பெயர். ஆனால் சக ஆண்டும் தமிழ் ஆண்டுப் பெயரும் சேர்ந்து வரும்போது ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம். சகம் 1789 என்றால் 1867. அது பிரபவ என்றே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் வாசிப்பில் பிழை இருக்கலாம், எழுதியவர் முடிந்த ஆண்டுக்குப் பதில் நடப்பு ஆண்டைக் கணக்கிட்டிருக்கலாம், அந்த ஆவணமே பிற்காலத்தில் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். பட்டயங்களைப் படிக்கும்போது இந்த மூன்றாம் ஐயத்தை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

கொங்குச் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு மட்டுமே இருக்கும். 1207இல் ஆட்சிக்கு வந்ததாகக் கொள்ளப்படும் வீரராசேந்திரனின் 10ஆவது ஆட்சியாண்டு என்றால், முதல் ஆண்டும் கணக்கில் சேருவதால் 1216–17 என்று எழுத வேண்டும். பத்தை அப்படியே கூட்டி 1217 என்று மட்டும் எழுதுவது வழக்கமான பிழை. ஒரே பெயரில் வேறு அரசர்களும் இருப்பதால், எந்த வீரராசேந்திரன் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு தாளுக்கும் வாசிக்கும் வரிசை

முதலில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் அந்தப் பகுதியை ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். பிளஸ் டூவில் வரலாறு படிக்காமல் வந்தவர்களுக்கு இது கட்டாயம். அடுத்து, பாடத்திட்டம் குறிப்பிடும் நூல்களில் ஒன்றை முழுமையாக வாசியுங்கள். ஐந்து நூல்களில் நூலுக்கு ஓர் அத்தியாயம் வாசிப்பது குழப்பத்தையே தரும். தேர்வுக்கான கைடு கடைசியில், வினா எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும். கைடிலிருந்து தொடங்குகிறவர் முடிவுகளை மட்டும் படிக்கிறார். அந்த முடிவுகளை மறுத்து எழுதியவர்கள் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

5. குறிப்பெடுத்தல்: ஒரு பக்கத்தில் மூன்று பத்திகள்

நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் ஆசிரியர் சொல்லும் செய்தி, இரண்டாவதில் அதற்கு அவர் காட்டும் சான்று, மூன்றாவதில் நூலின் பெயரும் பக்க எண்ணும். இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுங்கள்; அந்த வெற்றிடம்தான் நீங்கள் நூலகத்தில் தேட வேண்டியதைக் காட்டும்.

பக்க எண்ணைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு எழுதும் மாதத்தில் படும் துன்பத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நூலைத் திருப்பிக் கொடுத்தபின் ஒரு பக்க எண்ணுக்காக மீண்டும் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

6. முதல் கோடை விடுமுறை: ஒரு சான்றை அதன் இடத்திலேயே பாருங்கள்

வரலாற்று வரைவியல் தாள் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அப்போதுதான் அந்தத் தாளில் "சான்று", "ஊகம்" என்று வரும் சொற்கள் பொருளோடு நிற்கும். என் பரிந்துரை கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தில் இருக்கும் ஆறுநாட்டான் மலை. மேலே முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். பாறைக்குகையில் சமண முனிவர்களின் படுக்கைகளையும் அவற்றருகே தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் உள்ள கல்வெட்டையும் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. புகளூர்க் கல்வெட்டு என்று நூல்களில் வருவது இதுதான்.

அக்கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமணத் துறவி தங்குவதற்கு, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோனின் மகன் இளங்கடுங்கோ இளங்கோவானபோது (இளவரசனானபோது) வெட்டிக் கொடுத்த கல் என்று சொல்கிறது. போகும்போது ஒரு தாளை இரண்டாகப் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். இடப்பக்கம் கல் சொல்வது: மூன்று தலைமுறைப் பெயர்கள், ஒரு துறவி, ஓர் ஊர், ஒரு கொடை. வலப்பக்கம் அறிஞர்கள் அதிலிருந்து ஊகித்தவை: இம்மூவரும் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளில் பாடப்பட்ட இரும்பொறை மரபுச் சேரர் என்பது, எழுத்தமைதியைக் கொண்டு கணித்த காலம், சேரரின் தலைநகரான வஞ்சி கரூரே என்ற வாதத்துக்கு இது தரும் வலு.

வலப்பக்கத்தில் இருப்பவை வலிமையான ஊகங்களே. ஆனாலும் கல்லில் சேரர் என்ற சொல்லும் இல்லை, வஞ்சி என்ற சொல்லும் இல்லை. மாணவர்கள் விடைத்தாளில் "புகளூர்க் கல்வெட்டு கரூரே வஞ்சி என்று கூறுகிறது" என்று எழுதும்போது இந்த இரண்டு பத்திகளும் கலந்துபோகின்றன. ஒரு முறை அந்தப் பாறையின் முன் நின்று பிரித்து எழுதியவர் பிறகு அப்படி எழுத மாட்டார்.

ஈரோடு பக்கம் இருப்பவர்கள் அறச்சலூரில் உள்ள, எழுத்துகளை இசை அடைவுகளாக அடுக்கிய தமிழிக் கல்வெட்டையும், சென்னிமலையிலிருந்து நொய்யல் கரைக்குப் போய்க் கொடுமணலையும் இதே முறையில் பார்க்கலாம். கொடுமணலில் கிடைத்த பெயர் பொறித்த பானை ஓடுகளும், மணிகள் செய்த தொழிற்கூடத் தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும் இடப்பக்கம். பதிற்றுப்பத்து பாடும் "கொடுமணம்" இதுதான் என்பது வலப்பக்கம்.

கல்வெட்டைப் படம் எடுக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலே ஏற்றது. உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளங்கள் நிழல் விழாமல் மறைந்துவிடும். கோயிலுக்குள் என்றால் அலுவலகத்தில் அனுமதி பெற்று, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடித்துப் படம் எடுங்கள். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, கம்பியால் சுரண்டுவது மூன்றும் கூடாது. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து நம் கையால் கெட்டுவிடக் கூடாது.

7. விடை எழுதுதல்

ஒரு பத்து மதிப்பெண் வினாவை எடுத்துக்கொள்வோம்: கொங்கு நாட்டின் ரோமானிய வணிகத் தொடர்பை விளக்குக. வழக்கமான விடை, "ரோமானியருடன் சிறந்த வணிகம் நடந்தது" என்று தொடங்கி அதையே மூன்று பக்கம் வேறு சொற்களில் சொல்லும்.

அதற்கு மாறாக, முதல் வரியில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அடுத்து, சான்றுகளை இடப்பெயரோடு வையுங்கள்: வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுப் புதையல், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகள், காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல், கொடுமணலின் மணித் தொழில். இவற்றை பாலக்காட்டுக் கணவாய் வழியோடு இணையுங்கள். கடைசியாக, அந்தச் சான்றின் எல்லையைச் சொல்லுங்கள்: காசு கிடைத்தது என்பதால் ரோமானியர் இங்கே குடியிருந்தார்கள் என்று ஆகாது, அது பல கை மாறியும் வந்திருக்கலாம். இந்த எல்லை வரியை எழுதுகிற மாணவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்பது திருத்துகிறவருக்கு உடனே தெரியும்.

8. ஐந்தாம் செமஸ்டர்: ஆய்வேட்டுக்கான கேள்வியைச் சுருக்குங்கள்

"கொங்கு நாட்டு வரலாறு", "எங்கள் ஊரின் வரலாறு" ஆகியவை ஆய்வுத் தலைப்புகள் அல்ல. ஒரே ஊர், இருபது ஆண்டுக் காலம், ஒரே மாற்றம் என்று குறுக்குங்கள். பவானிசாகர் அணை 1955இல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, ஒரு வருவாய்க் கிராமத்தில் பயிர்கள் எப்படி மாறின என்பது மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய கேள்வி.

வேலையின் வரிசை முக்கியம். சான்று கைக்குக் கிடைக்கும் என்று உறுதியான பிறகே தலைப்பைப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன கேள்விக்கு அடங்கல்தான் அடிப்படை. புல எண் வாரியாக, பசலி வாரியாக எந்தப் பயிர் நின்றது என்று அதில் இருக்கும். பசலி 1360 முதல் 1380 வரை, அதாவது 1950 முதல் 1971 வரையான ஏடுகள் வேண்டும். துறைத்தலைவரின் கடிதத்தோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பழைய ஏடுகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறைக்கும் போக வேண்டியிருக்கலாம். ஏடுகள் செல்லரித்துப் போயிருந்தால் அன்றே கேள்வியை மாற்றுங்கள். தலைப்பைப் பதிவு செய்துவிட்டு ஏட்டைத் தேடப் போனவர்கள், கடைசி மாதத்தில் பிறர் கட்டுரைகளை வெட்டி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

வாய்க்கால் பாயாத ஊர்க்காரர்களுக்கும் இதே அளவுள்ள கேள்விகள் இருக்கின்றன. ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள், ஒரு சந்தையின் ஏல வரவு, ஊர் எல்லையில் நிற்கும் புலிகுத்திக் கல்லும் (புலியோடு போரிட்ட வீரருக்கு நட்ட நடுகல்) அதன் வழிபாடும் ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அச்சான பழைய மூலங்களில், 1800ஆம் ஆண்டு இறுதியில் கொங்குப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புகானனின் 1807இல் வெளிவந்த பயணக்குறிப்பை வாசியுங்கள். இறைவை, பயிர், நெசவு, கூலி என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கம்பெனியின் தேவைக்காக, மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டு எழுதியவர் என்பதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், உரக்க வாசித்தால்தான் எந்த ஊர் என்று விளங்கும்.

குலப் பட்டயங்கள், காணிப் பாடல்கள், கொங்கு மண்டல சதகம் போன்றவற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவை வீட்டிலேயே கிடைப்பதால், தம் குலத்தின் பெருமையை ஆய்வேடாக எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. இத்தகைய நூல் தான் பேசும் காலத்துக்கு எளிதில் சான்றாகாது. தான் எழுதப்பட்ட காலத்தில் மக்கள் எதைப் பெருமையாகக் கருதினார்கள் என்பதற்கு நல்ல சான்றாகும். தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி எழுதுகிறவரும் கம்பெனி ஆவணம் சொல்வது, கும்மிப்பாடல் சொல்வது, ஊரார் சொல்வது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதிவிட்டு, அதன் பிறகே ஒப்பிட வேண்டும்.

9. பெரியவர்களிடம் கேட்டு எழுதுதல்

ஆவணத்தைப் பார்த்த பிறகே பேட்டிக்குப் போங்கள். ஏட்டில் கம்பும் சோளமும் நின்ற புலத்தில் நெல் வந்த ஆண்டு தெரிந்திருந்தால், கேள்வி கூர்மையாக இருக்கும். ஒன்றும் தெரியாமல் போய் "அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், பொதுவான பதிலே கிடைக்கும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். "ஆத்தா, வாய்க்கால்ல மொதத் தண்ணி வந்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டால், "மூத்தவன் தவந்துட்டு இருந்தானுங்க சாமி" என்று விடை வரும். மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் ஆண்டு ஓரளவு கிடைத்துவிடும். பாட்டன் காலத்துச் செய்தி என்றால் தாது வருசப் பஞ்சம் ஓர் எல்லைக்கல். அந்த ஆண்டு 1876இல் தொடங்கியது. சேலம் பக்கம் 1937இல் வந்த மதுவிலக்கும் அப்படிப் பயன்படும்.

பண்ணயத்துக்காரரிடம் மட்டும் கேட்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். தண்ணீர் வந்ததால் நிலத்தின் விலை ஏறியதை அவர் சொல்வார். அந்த நிலத்தில் நடவு நட்டவரின் கூலி ஏறியதா, பண்ணையாள் முறை எப்போது நின்றது என்பதைக் காலனியில் இருக்கும் முதியவர்களே சொல்ல முடியும். ஊருக்குள் பேசிய நாள்கள் எத்தனையோ, அத்தனை நாள் அங்கும் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்கள் அருகில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள்; பெயரைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். நிலத் தகராறு, சாதித் தகராறு பற்றிச் சொன்னவரின் பெயரை, அவர் அனுமதித்தாலும் ஒரு முறைக்கு இரு முறை யோசித்து எழுதுங்கள். நீங்கள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போய்விடுவீர்கள். அவர் அங்கேயே இருப்பவர்.

அன்றிரவே பதிவைக் கேட்டு, அவர் பேசியபடியே எழுதிக்கொள்ளுங்கள். கொங்கு வழக்கில் உள்ள சொல்லைப் பொதுத்தமிழாக மாற்றினால் பொருளும் நழுவும்: "பண்ணயம்" என்பதை "பண்ணை" என்றும், "தொண்டுப்பட்டி" என்பதை "தொழுவம்" என்றும் மாற்றாதீர்கள், சொல்லை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் விளக்குங்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, ஊர், பேசியவரின் வயது ஆகியவற்றைப் பெயராக இட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்கும் வாரத்தில் கூடுதலாக இரண்டு படி எடுத்து, ஒன்றை ஊர் நூலகத்திலும் மற்றொன்றை உங்களிடம் அதிக நேரம் பேசிய பெரியவரின் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். அவர் தம் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வார்; அந்தத் திருத்தத்தையும் தேதியிட்டு உங்கள் படியில் எழுதி வையுங்கள்.